பம்பாய்க்கு இன்னும் மூவாயிரத்து நூத்தி நாப்பது

இல்ல சார், ஏழாயிரத்து இருநூத்தி ஏழு கிலோமீட்டர்ங்கறது பெரியவன் கணக்கு. லண்டன்லேந்து பம்பாய்க்கு, நூல் பிடிச்சாப்ல. சின்னவன் ஏழாயிரத்து ஐநூத்தி இருபதுங்கறான். ப்ளேன் என்ன நூல் மேலயா போறது, இந்த நாட்டு மேல வராதே அந்த நாட்டு மேல வராதேன்னு சுத்தி விடுவாளேங்கறான். ரெண்டு பேரும் அவாவா கணக்கை டைப் அடிச்சு எங்கிட்டக் குடுத்தனுப்பியிருக்கா. நீலக் கவர் பெரியவனுது. வெள்ளைக் கவர் சின்னவனுது. எதை மொதல்ல பிரிக்கறதுன்னு நீங்களே பாத்துக்கோங்கோ. நான் ஒண்ணை எடுத்து நீட்டினேன்னா அதுக்கு ஆத்துல தனியா ஒரு சண்டை நடக்கும்.

காபியா? வேண்டாம் சார். சரி, அரை டம்ளர். சர்க்கரை போடலாம், எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை.

மொதல்லேந்து சொல்றேன். எங்க மூத்த மாட்டுப்பொண் கிரிஜாவும் உங்க மிஸஸும் ஒரே யோகா க்ளாஸாம். உங்க மிஸஸ்தான் சொன்னாளாம், எங்காத்துக்காரர் ஏர்ஃபோர்ஸ்ல நேவிகேட்டரா இருந்தவர், இந்த நிமிஷத்துல ப்ளேன் எங்க இருக்குன்னு ஸ்கேலும் பென்சிலும் வெச்சே சொல்லிடுவார்னு. அதைக் கேட்டதும் கிரிஜா அழுதுட்டாளாம். யோகா க்ளாஸ்லயே. உங்க மிஸஸ் பயந்துபோயிட்டாளாம். அவ ஏன் அழுதான்னு உங்களுக்குப் புரியணும்னா நான் அஞ்சு வருஷக் கதையைச் சொல்லணும்.

என் பேர் வெங்கடேஸ்வரன். இங்க பூனாவுலயே, கட்கி ஆயுத ஃபாக்டரில முப்பத்தஞ்சு வருஷம் இன்ஸ்பெக்ஷன். ரிட்டயராகி இப்போ விஷ்ராந்த்வாடில பெரியவனோட இருக்கேன். என் ஆத்துக்காரி பாலாம்பாள் ரெண்டாயிரத்து மூணு, மாசி மாசம், ப்ளேன்ல போயிட்டா. ப்ளேன்ல எங்க போனான்னு கேக்காதீங்கோ, எல்லாரும் அதைத்தான் கேக்கறா. தவறிப் போயிட்டா. லண்டன்லேந்து திரும்பி வரச்சே, ஆகாசத்துல. ஹார்ட்டுன்னா.

இருக்கட்டும் சார். அஞ்சு வருஷம் ஆயிடுத்து.

எனக்கு ரெண்டு பையன். பெரியவன் சுந்தரராமன், சாகண்ல ஒரு கார் கம்பெனில ப்ளானிங்ல இருக்கான். நிமிஷத்துக்கு எத்தனை கதவு மாட்டணும்னு கணக்குப் போடற வேலை. சின்னவன் கௌஷிக். மொதல்ல ஹிஞ்சேவாடில இருந்தான், அங்கேந்து கம்பெனியே லண்டன் பக்கத்துல ரெட்டிங்னு ஒரு ஊருக்கு அனுப்பித்து. அவன்கிட்டதான் நாங்க அஞ்சு மாசம் போய் இருந்தோம். திரும்பி வரச்சே இப்படி.

இப்போ விஷயம் என்னன்னா, வருஷா வருஷம் திவசம் பண்ணணும். தேதிப்படி பண்ணினா பிரச்னையே இல்லை. எங்களுக்குத் திதி. உங்க பக்கத்துலயும் அப்படித்தானா? திருநெல்வேலியா? சரி, அப்போ உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அன்னிக்குப் பஞ்சாங்கத்துல ஏகாதசி ராத்திரி எட்டு அம்பத்திரண்டு வரைக்கும். நம்ம இந்தியா டயம். எட்டு அம்பத்திரண்டுக்கு மேல துவாதசி. அவ எட்டு அம்பத்திரண்டுக்கு முன்னால போனாளா, பின்னால போனாளா? அவ்ளோதான் கேள்வி. இதுக்குத்தான் அஞ்சு வருஷம்.

டாக்டர் எழுதின டயமா? அது இருக்கு. பன்னெண்டு அம்பது. ப்ளேன் எறங்கினப்பறம் பம்பாய் ஏர்போர்ட்ல டாக்டர் வந்து பாத்த டயம். அவரே சொன்னார், நான் பாத்த டயத்தை எழுதறேன், உயிர் போய் மூணு நாலு மணி நேரமாவது இருக்கும்னு. சர்ட்டிஃபிகேட்டுக்கு அலைஞ்சது வேற ஒரு கூத்து. கவுண்டர்ல ஒரு பையன், ஃபாரத்தை வெச்சுண்டு, இறந்த இடம்னு கேட்டான். விமானத்துலன்னேன். எந்த வார்டுங்கறான். வார்டு இல்லைப்பா, ஆகாசம்னேன். காகா, ஆகாஷாலா வார்டு நாஹின்னு ரொம்ப மரியாதையாச் சொன்னான். எனக்கும் தெரியும்ப்பா ஆகாசத்துக்கு வார்டு இல்லைன்னு. கடைசில உள்ளேந்து ஒரு பெரியவர் வந்து, ஓடற வண்டில போனா வண்டி மொதல்ல நின்ன எடம்தான் கணக்குன்னு சொல்லி, ஏர்போர்ட்டைப் போட்டுக் குடுத்தார். நல்ல மனுஷன். திதிக்கு மட்டும் அப்படி ஒரு ரூல் இல்லாமப் போச்சு.

வாட்ச்சா? கட்டிண்டிருந்தேன் சார். ஆனா பாக்கல. நான் பாத்தது ஸ்க்ரீனை. எதிர் சீட்டு முதுகுல ஒரு குட்டி டீவி இருக்கும் பாருங்கோ, அதுல மேப். ப்ளேன் ஒரு கொசு மாதிரி நகந்துண்டே இருக்கும். கீழ எழுதியிருக்கும், போக வேண்டிய தூரம் இவ்வளவுன்னு. மும்பைக்கு இன்னும் மூவாயிரத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர். அப்போதான் பாலா ஒரு பெருமூச்சு விட்டா, தலை ஜன்னல் பக்கம் சாஞ்சுது, தூங்கறான்னு நெனச்சுட்டேன். இதைத்தான் ஏர்போர்ட்ல டாக்டர்கிட்டயும் சொன்னேன், கூட்டிண்டு போக வந்த பெரியவன்கிட்டயும் சொன்னேன். அன்னிலேந்து இன்னி வரைக்கும் எங்காத்துல அந்த நம்பருக்கு இருக்கற மரியாதை எனக்குக் கிடையாது.

ப்ளேன் கிளம்பினது நம்ம டயம் சாயங்காலம் நாலு மணி. எறங்கினது பன்னெண்டு முப்பத்தஞ்சு. எட்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். இதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை, கடவுள் புண்ணியம்.

பெரியவன் என்ன பண்ணினான், மொத்தத் தூரம் ஏழாயிரத்து இருநூத்தி ஏழுல மூவாயிரத்து நூத்தி நாப்பதைக் கழிச்சான், வேகத்தால வகுத்தான். எட்டு அம்பது, முப்பத்தேழு செகண்டுன்னு வந்துது. ஏகாதசி முடிய இன்னும் ஒண்ணேகால் நிமிஷத்துக்கு மேல பாக்கி இருந்துதுன்னான். அம்மா ஏகாதசில போயிருக்கான்னு சொல்லி, அழுதுண்டிருந்தவன் நிமிந்து உக்காந்தான். வந்தவா போனவா எல்லாரும், ஏகாதசியா, கொடுத்து வெச்சவன்னு சொல்லிட்டுப் போனா. எனக்கும் அது ஆறுதலாத்தான் இருந்துது, இல்லைன்னு சொல்லமாட்டேன்.

சின்னவன் மறுநாள் ஓடி வந்தான். காரியமெல்லாம் ஆச்சு. பன்னெண்டாம் நாளோ பதிமூணாம் நாளோ, சாப்பிட்டு உக்காந்திருக்கோம். அண்ணா, அந்தத் தூரம் தப்புன்னான். ப்ளேன் போற வழி ஏழாயிரத்து ஐநூத்தி இருபது, அதுல கழிச்சு வகுத்தா ஒம்பது மணி அடிக்க ரெண்டு செகண்டுன்னான். அப்போ துவாதசி. பெரியவன் கையில மோர் டம்ளர். அதை மெதுவாக் கீழ வெச்சான். அம்மாவை வைகுண்டத்துலேந்து எறக்கறியாடான்னு கேட்டான்.

சிரிக்கலாம் சார், தப்பில்லை. நானே சிரிச்சிருக்கேன், பாத்ரூம்ல போய்.

அது வெறும் கணக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். பெரியவனுக்கு மனசுல, இவன்தான் அம்மா ஒடம்பு சரியாப் பாக்காம ப்ளேன் ஏத்தி விட்டான்னு இருக்கு. சின்னவனுக்கு, இவன் புது ஃப்ளாட் கிரகப்ரவேசத்துக்கு வந்தே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சான், இல்லைன்னா அம்மா இன்னும் ரெண்டு மாசம் எங்கூட இருந்திருப்பான்னு இருக்கு. இதை மூஞ்சிக்கு நேரா ஒருத்தனும் சொல்லமாட்டான். அதுக்குப் பதில் கிலோமீட்டர் சொல்லுவான்.

எங்க வாத்யார் ஸ்வாமிநாத சாஸ்திரிகள், ராஸ்தா பேட்டைல இருக்கார். அவர்கிட்டப் போனோம். அவர் ரொம்ப நேரம் கண்ணை மூடிண்டு யோசிச்சுட்டு, மாமா, அந்த சமயத்துல கீழ பூமி இருந்துதா ஜலம் இருந்துதான்னார். பெரியவன் மேப்பை விரிச்சான். கஸ்பியன் கடல். அதுலயும் பாருங்கோ, பெரியவன் கணக்குல கரைக்குக் கொஞ்சம் இந்தண்டை, சின்னவன் கணக்குல கொஞ்சம் அந்தண்டை. வாத்யாரே, ஜலமா இருந்தா என்ன, பூமியா இருந்தா என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லை, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்னார்.

மொத வருஷம் பெரியவன் ஏகாதசிக்குப் பண்ணினான். சின்னவன் துவாதசிக்குப் பண்ணினான். ஒரே ஆத்துல, அடுத்தடுத்த நாள். கிரிஜா ரெண்டு நாளும் மடியா முழுச் சமையல். வடை, அதிரசம், பிரண்டைத் துவையல், எல்லாம் ரெண்டு தரம். ரெண்டு நாளும் நான் உக்காந்து சாப்பிட்டேன். மொத நாள் பிண்டத்துக்குக் காக்கா வரல. அரை மணி நேரம் பால்கனில நின்னு கத்தினோம். மறுநாள் வெச்ச ஒடனே வந்துடுத்து. பாத்தியா அப்பா, அம்மா துவாதசிக்குத்தான் வரான்னான் சின்னவன். அதெல்லாம் இல்லை, அது ஏரவாடா காக்கா, எல்லா ஆத்துக்கும் போகும்னான் பெரியவன்.

ரெண்டாம் வருஷம் பெரியவன் ப்ளேன் கம்பெனிக்கே லெட்டர் போட்டான். அன்னிக்கு அந்த ஃப்ளைட் எந்த வழியா போச்சு, மொத்தம் எத்தனை கிலோமீட்டர், தயவுசெஞ்சு சொல்லவும்னு. ரெண்டு மாசம் கழிச்சு பதில் வந்துது. எங்க சேவைல நீங்க காட்டற ஆர்வத்துக்கு நன்றின்னு. கூடவே பாலா பேருக்கு ஒரு கார்டு. நீங்க எங்க ப்ளேன்ல இத்தனை மைல் பறந்திருக்கேள், இன்னும் இவ்வளவு மைல் பறந்தா ஒரு டிக்கெட் இனாம்னு. அதுலயும் சண்டை சார். பாத்தியா, அவன் முழுத் தூரம் போட்டிருக்கான், அது என் நம்பரோடதான் ஒத்துப்போறதுன்னு பெரியவன். அம்மா முழுத் தூரம் எங்கடா பறந்தா, பாதிதானேன்னு சின்னவன் ஃபோன்ல கத்தறான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. கிரிஜா வந்து ஃபோனை வெச்சுட்டு, சமையல் ஆயிடுத்து, வாங்கோன்னா.

மூணாவது வருஷம்தான் சின்னவன் மாட்டிண்டான். அதே மாசம், அதே ஃப்ளைட், நாங்க உக்காந்திருந்த அதே வரிசை, கேட்டு வாங்கிண்டு வந்தான். கையில ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப் வாட்ச். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்க்ரீனைப் பாத்து எழுதிண்டே வந்திருக்கான். எந்தக் காலம் சார் இது! ஒருத்தன் ப்ளேன்ல உக்காந்துண்டு, எந்த நிமிஷம் எந்த ஊர் மேல பறக்கறோம்னு எழுதினா சும்மா விடுவாளா? பம்பாய்ல எறங்கினதும் ரெண்டு பேர் வந்து மரியாதையாக் கூட்டிண்டு போய் ஒரு ரூம்ல உக்கார வெச்சுட்டா. நோட்டை வாங்கிப் பாத்தா அதுல கிலோமீட்டர், மணி, பக்கத்துல தமிழ்ல ஏகாதசி, துவாதசின்னு எழுதியிருக்கான். இது என்ன கோட் வேர்டுன்னு கேட்டிருக்கார் இன்ஸ்பெக்டர். இவன் எங்கம்மா திதின்னு சொல்லி, நடந்ததெல்லாம் சொல்லியிருக்கான். அவர் மராட்டிக்காரர், பஞ்சாங்கம் தெரிஞ்சவர். ஒரு பேப்பரை எடுத்து அவரும் போட்டுப் பாத்தாராம். எட்டு அம்பத்தஞ்சுன்னு வந்துதாம். துவாதசிதான், ஆனா மூணு நிமிஷம்தான், ஜாக்கிரதைன்னு சொல்லி அனுப்பினாராம்.

ஆனா பாருங்கோ, அன்னிக்கு ஸ்க்ரீன்ல மூவாயிரத்து நூத்தி நாப்பது வந்தபோது கிளம்பி நாலு மணி நாப்பத்தேழு நிமிஷம்தான் ஆகியிருந்துதாம். அதை எங்க நாலு மணியோட கூட்டினா எட்டு நாப்பத்தேழு. பெரியவன் பக்கம். அதையும் மறைக்காமச் சொன்னான் சின்னவன், அந்த நேர்மை அவன்கிட்ட உண்டு. ஆனா அன்னிக்குக் காத்து வேற மாதிரின்னுட்டான். பெரியவன் என்னிக்குமே காத்து வேற மாதிரின்னான். அதுதான் அவா ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிண்ட கடைசி வார்த்தை. ரெண்டு வருஷம் ஆறது.

இப்போ சின்னவன் வந்திருக்கான். ரெண்டு பேரும் ஒரே ஆத்துல. அண்ணா குளிச்சாச்சான்னு கிரிஜாவைக் கேக்கறான். அவன் மத்தியானம் சாப்பிடறானான்னு இவன் கிரிஜாவைக் கேக்கறான். நேத்திக்கு பெரியவன் ஆஃபீஸ்லேந்து ப்ரொஜெக்டர் கொண்டுவந்து ஹால் சுவத்துல படம் போட்டான் சார். எத்தனாவது நிமிஷம் எந்த வேகம்னு கோடு கோடா. கடைசிப் படத்துல, முடிவு: ஏகாதசி. எதிர்ல உக்காந்திருந்தது நானும் கிரிஜாவும் மட்டும். சின்னவன் ரூம்குள்ளேந்து கதவிடுக்கு வழியாப் பாத்துண்டிருந்தான். நாளன்னிக்கு ஏகாதசி. சின்னவன் கிரிஜாகிட்ட சொல்லிட்டான், மன்னி, இதுதான் கடைசி, இனிமே நான் அங்கயே பண்ணிக்கறேன், வரமாட்டேன்னு. அதுக்கப்பறம்தான் யோகா க்ளாஸ்ல அழுகை. உங்க பேர் வந்ததும் ரெண்டு பேரும் கிரிஜா வழியாவே ஒத்துண்டா. மாடசாமி சார் எழுதிக் குடுக்கறதுதான் முடிவு, அப்பறம் பேச்சே இல்லைன்னு.

ஆகட்டும், நீங்க போடுங்கோ. நான் பேசாம இருக்கேன்.

அந்தக் கருவி என்ன சார்? காம்பஸ் மாதிரி ரெண்டு காலும் ஊசியா இருக்கே. டிவைடரா. ஆமாமா, ஃபாக்டரில உண்டு, இது கொஞ்சம் பெரிசா இருக்கு, அதான்.

எல்லாம் சரியா இருக்கா? ரெண்டு கணக்குலயும் தப்பே இல்லையா? அடப்பாவமே. கூட்டல் கழித்தல்ல ஒருத்தனாவது தப்பு விட்டிருப்பான், சுலபமா முடிஞ்சுடும்னு நெனச்சேன். நான் படிக்க வெச்சது தப்பாப் போச்சு.

சார், ஒண்ணு கேக்கணும். நேத்திக்குக் கார்த்தால வாத்யார் வந்தார். தனியா என்னைக் கூப்ட்டு, மாமா, இதுக்கு சாஸ்திரத்துல வழி இருக்கு, போன நேரம் தெரியலைன்னா அந்த மாசத்து அமாவாசைல பண்ணிடலாம், ஒரே நாள், ரெண்டு பேரும் சேந்து, முடிஞ்சுதுன்னார். தெரியலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும்னார். எனக்குக் கோவம் வந்துடுத்து. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தவனுக்கு எப்படிய்யா தெரியாமப் போகும்னு கத்திட்டேன். அவர் குடையை எடுத்துண்டு போயிட்டார், பாவம்.

அதனால நீங்க இப்படிப் பண்ணினா என்ன. கண்டுபிடிக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்கோளேன். ப்ளேன் கணக்குப்படி இந்த நேரத்தைச் சொல்ல முடியாது, அவ்ளோதான். நீங்க சொன்னா அவா கேட்டுப்பா. அமாவாசை அடுத்த வாரம், சின்னவன் இருப்பான்.

இல்லையா? முடியுமா? இவ்வளவு துல்லியமா நம்பர் இருக்கச்சே முடியாதுன்னு எழுத மாட்டேளா. சரிதான், உங்க தொழில்.

என்ன கேட்டேள்?

அந்த நம்பரை ஸ்க்ரீன்ல பாத்தபோது அவளையும் பாத்தேளான்னா... சொன்னேனே சார், பெருமூச்சு விட்டான்னு. சத்தம் கேட்டுதாவா? ப்ளேன்ல ஹோன்னு எரைச்சல்தான், நீங்க சொல்றது சரி. தலை சாஞ்சதா? அவ ஜன்னல் சீட்டு. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிண்டிருந்தா. மூஞ்சி எங்க தெரியறது.

அஞ்சு வருஷத்துல இதை ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் நம்பரையே கேட்டா.

காபி நன்னா இருந்துது சார்.

சண்டை சார். எங்க ரெண்டு பேருக்கும். பெரிசா ஒண்ணும் இல்லை, டப்பா. காலி ஐஸ்க்ரீம் டப்பா. சின்னவன் ஆத்துல அஞ்சு மாசமா அதைக் கழுவிக் கழுவி சேத்து வெச்சிருந்தா. முப்பத்துநாலு. பருப்பு போட்டு வெக்கலாம், கொழம்பு ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், கீழ் ஃப்ளாட்டுக்கு ரெண்டு, வாத்யாராத்துக்கு ரெண்டுன்னு லிஸ்ட்டே போட்டிருந்தா. ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகி ஒரு பையில கையில தூக்கிண்டு வந்தா. லண்டன் ஏர்போர்ட்ல இத்தனை பை உள்ள விடமாட்டோம்னா அந்தப் பொண்ணு. எனக்கு அவமானமாப் போச்சு. நான் பையைப் பிடுங்கிண்டு போய், அத்தனை பேருக்கு எதிர்ல குப்பைத் தொட்டில கொட்டினேன். அது நெறைஞ்சு பாதி வெளில விழுந்துது. அதையும் பொறுக்கி இன்னொரு தொட்டில போட்டேன். அவ பாத்துண்டு நின்னா.

ப்ளேன்ல ஏறினோம். பேச்சில்லை. கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும், ஜெர்மனி வந்திருந்துது. ஏன்னா, என்னமோ பண்றதுன்னா. எனக்கு, டப்பாவுக்கு அழறான்னு தோணித்து. பேசாம தூங்குன்னேன். போர்வையை இழுத்து மூடிண்டா.

அவ்ளோதான் சார். அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினா நான் தோத்துப் போனாப்ல ஆயிடும் பாருங்கோ. அதான் மேப்பைப் பாத்துண்டே வந்தேன். எட்டு மணி நேரம். சாப்பாடு கொண்டுவந்தா, அவ தூங்கறா எழுப்பாதேன்னேன். எறங்கறச்சே ஸீட்டை நிமித்தணும்னு ஒரு பொண்ணு வந்து தொட்டுப் பாத்தா. அப்போதான் எனக்கே தெரியும்.

ஆத்துக்கு வந்து அவ பெட்டியைத் தொறந்தா மூடி மட்டும் இருந்துது சார், முப்பத்துநாலு மூடி. அதை மட்டும் தனியாப் பெட்டில வெச்சிருக்கா. எதுக்கு மாமா வெறும் மூடின்னு கிரிஜா கேட்டா. தெரியலையேம்மான்னேன்.

இல்ல, அந்த நம்பர் பொய் இல்லை. எப்போன்னு டாக்டர் கேட்டார், பெரியவன் கேட்டான், தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன். வாயில அந்த நம்பர்தான் வந்துது. அது நெஜமாவே ஸ்க்ரீன்ல பாத்த நம்பர்தான். மூவாயிரத்து நூத்தி நாப்பது. அந்த எடத்துலதான் எனக்கு, போறும், பேசிடலாம்னு தோணித்து. பூனாவுக்குப் போனதும் லக்ஷ்மி ரோட்டுல நல்ல டப்பாவா வாங்கித் தரேன்னு சொல்லலாம்னு வாக்கியம்கூட ரெடியா வெச்சிருந்தேன். மேப்ல பாத்தா எதிர்ல நீலமா கடல். சரி, இந்தக் கடலைத் தாண்டட்டும், அப்பறம் பேசிக்கலாம்னு இருந்துட்டேன். தாண்டினப்பறம் மலை வந்துது.

அந்தக் கஸ்பியன் அகலம் எவ்வளவு சார்? டிவைடர் வெச்சே பாத்துடுங்கோ.

முந்நூத்தம்பது கிலோமீட்டரா. அப்போ ப்ளேனுக்கு எவ்வளவு, ஒரு இருபத்தஞ்சு நிமிஷம்?

இருபத்தஞ்சு நிமிஷம்தான்.